சாவா மூவா முதல்



இன்றைய பேச்சே ஒரு முதலின் வட்டியில் நடக்கிறது. 1996இல் இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் 50,000 ரூபாயை இந்த மன்றத்திடம் ஒப்படைத்தார்கள். முதலைத் தொடக் கூடாது, வட்டியைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போது வங்கிகள் நீண்டகால வைப்புக்கு 12 சதவீத அளவில் வட்டி கொடுத்தன. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வந்தது. பேச வருபவரின் ரயில் கட்டணம், தங்கும் அறை, ஒரு சால்வை, அழைப்பிதழ் அச்சு, வந்தவர்களுக்குக் கேசரியும் காபியும், எல்லாம் போகக் கொஞ்சம் மிஞ்சியும் இருக்கும். அந்த 50,000 இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஒரு ரூபாய் குறையவில்லை. 7 சதவீதத்தில் 3,500 ரூபாய் வட்டி வருகிறது. அழைப்பிதழுக்கும் தபாலுக்குமே அது பற்றாது. மீதியைப் பொது நிதியிலிருந்து போட்டுத்தான் விழாவை நடத்துகிறோம் என்று செயலாளர் சொன்னார். கொடுத்தவர்களின் சொல்லை இந்த மன்றம் காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் அவர்கள் நினைத்தது நடக்கவில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் பல முறை தேர்வாகி 11 ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். லாப நோக்கமில்லாத ஓர் உறுப்பினர் மன்றம், தன் கட்டடத்துக்கும் தளவாடங்களுக்கும் பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகள் முன்னதாகவே எப்படிப் பணம் சேர்க்க வேண்டும் என்பது என் பொருள். இலக்கியம் கேட்டுப் பழகிய மேடையில் கூரையையும் செப்டிக் டேங்க்கையும் பற்றிப் பேசுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் இலக்கியம் பேசுகிறோம்.

எங்கள் மன்றம் காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறது. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய தளம் அது. பின்கட்டு 1974இல் 1,20,000 ரூபாயில் கட்டிய கான்கிரீட் கூடம். கேரம் பலகைகளும் டேபிள் டென்னிஸ் மேசையும் அங்கேதான். 2015 நவம்பர் மழையில் ஒருநாள் விடியற்காலை காவலர் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். டேபிள் டென்னிஸ் மேசையின் மேல் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்து கிடந்தது. முந்தைய மாலை 7 மணி வரை அதே மேசையில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். உள்ளங்கை அகலம், ஒரு விரல் தடிமன். கீழ்ப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு, அதன்மேல் நீலம், மறுபடி வெள்ளை, அப்புறம் டிஸ்டெம்பர் என்று ஏழெட்டுப் பூச்சு படிந்திருந்தது. ஆண்டு விழாக்களுக்காக நாங்கள் அடித்த பூச்சு அது. மறுபக்கத்தில் கம்பி பதிந்திருந்த தடம், அதில் செங்காவியாகத் துரு. இரும்பு துருவாகும்போது முன்னிலும் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே கம்பி உப்பும், கான்கிரீட் பிளக்கும். விரிசல் கண்ணில் படும் காலத்துக்கு முன்பே பல மழைக்காலம் உள்ளே வேலை நடந்திருக்கும். நாங்கள் கீழே நின்று, அதன்மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலையே பழைய கணக்குப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1996 முதல் 19 ஆண்டுக் கணக்கில் 16 ஆண்டுகளில் ‘கூரை ஒழுகல் பராமரிப்பு’ என்று ஒரு வரி இருந்தது. 4,000, 7,500, 11,000 என்று ஒவ்வோர் ஆண்டும் தார், சிமென்ட் பால், ஏதோ ஒரு வாட்டர்ப்ரூஃப் கலவை. பொருளாளர்களாக இருந்தவர்கள் எல்லாரும் நேர்மையானவர்கள். ஒவ்வொருவரும் தம் ஆண்டை உபரியோடு முடித்துக் கைதட்டல் வாங்கினார்கள். அதில் ஏழு முறை வாங்கியவன் நான். அதே புத்தகங்களில் கட்டடத்துக்கு ஆண்டுதோறும் 10 சதவீதம் தேய்மானமும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. 2015 மார்ச் ஐந்தொகையில் அந்தக் கூடத்தின் மதிப்பு 1,600 ரூபாயை ஒட்டி நின்றது. கட்டடம் தேய்ந்துகொண்டே வருகிறது என்பது ஏட்டுக்குத் தெரிந்திருக்கிறது. தேய்ந்த அளவுக்குப் பணம் எங்கே என்றால், எங்கும் இல்லை. அந்தப் பணம் ‘உபரி’ என்ற பெயரில் ஆண்டு விழா மேடையிலும், உயர்த்தாமல் விட்ட சந்தாவிலும் கரைந்துபோயிருந்தது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தேய்மானத்தை ஏட்டில் எழுதினால் போதாது, வங்கியிலும் போட வேண்டும். ஒரு கூரையின் ஆயுள் முப்பது ஆண்டு என்றால், அதன் கீழே ஓர் ஆண்டு உட்கார்ந்தவர்கள் முப்பதில் ஒரு பங்கைத் தின்றிருக்கிறார்கள். அந்தப் பங்கை அவர்களே வைத்துவிட்டுப் போக வேண்டும். 2015இல் நாங்கள் என்ன செய்தோம்? பொறியாளர் 14 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார். 280 உறுப்பினர்கள், ஆளுக்கு 5,000 ரூபாய் சிறப்பு வசூல். இரண்டு மாதம் முன்பு சேர்ந்த இளைஞரும் அதே 5,000தான் கொடுத்தார். நாற்பது ஆண்டு அந்தக் கூரைக்குக் கீழே சீட்டு ஆடியவரும் அதே 5,000தான். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பெரியவர்கள் சிலர் கொடுக்க முடியாமல் விலகினார்கள். அவர்கள் வீடுகளுக்கு நானே போய் உட்கார்ந்து பேசினேன். “நான் வந்தபோதெல்லாம் நீங்கள் கேட்டதைக் கொடுத்தேனே தம்பி, இதை ஏன் அப்போது கேட்கவில்லை?” என்று ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஏன் கேட்கவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நல்ல விதி. ஒருவரே நாற்காலியைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். ஆனால் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கான்கிரீட் கட்டடத்தின் பயன்காலம் 60 ஆண்டு, கான்கிரீட் சட்டமில்லாத கட்டடத்துக்கு 30, மேசை நாற்காலிக்கும் மின் இணைப்புகளுக்கும் 10 என்று அதில் போட்டிருக்கிறது. நம் சங்கங்கள் கம்பெனிகள் அல்ல, ஆனாலும் அந்த எண்கள் நல்ல வழிகாட்டி. 60 ஆண்டு நிற்க வேண்டிய பொருளை 3 ஆண்டு இருப்பவர்கள் நிர்வகிக்கிறார்கள். கூரை என் காலத்தில் விழாது என்று ஒவ்வொரு குழுவும் நம்புகிறது. பெரும்பாலும் அந்த நம்பிக்கை பலிக்கிறது. சிக்கலே அங்கேதான்.

இது புதிய சிக்கல் இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். அதில் ஏரி வாரியமும் ஒன்று. பதவிக்காலம் 360 நாள். ஏரியோ தலைமுறை தலைமுறையாக நிற்க வேண்டியது. கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடத்துக்குள் பெயர் போட முடியாது என்று கண்டிப்பான விதி வைத்தார்கள். ஆனால் விதியை மட்டும் நம்பியிருக்கவில்லை. பல ஊர்களில் ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பார்க்கவும் ‘ஏரிப்பட்டி’ என்று நிலத்தையே ஒதுக்கி வைத்தார்கள். இந்த ஆண்டு வாரியத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஏரிக்கென்று ஒரு வரும்படி இருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது நந்தா விளக்குக்கு விட்ட ஆடுகள். கோயிலில் ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு மொழியில் ஒரு பெயர் உண்டு: ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு. ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். செத்த ஆட்டின் இடத்தில் ஒரு குட்டி வந்து நிற்கும். கணக்கு எப்போதும் 96. ஒரு விளக்குக்கு எதற்கு இவ்வளவு ஆடு என்று முன்பு எனக்குத் தோன்றியதுண்டு. கிடாய், குட்டி, சினை, பால் வற்றியது எல்லாம் போகக் கறப்பது சில ஆடுகள்தானே. மந்தை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளவும் இடம் விட்டுத்தான் 96 என்று வைத்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதே கோயிலில் காசாகக் கொடுத்த முதலும் உண்டு. அதை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம், பொலிசை என்ற வட்டி வாங்கினார்கள். அன்றைக்கும் வட்டியில் அறம் நடந்தது. ஆனால் ஆட்டுக்கும் காசுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நெய் விலை எவ்வளவு ஏறினாலும் ஆடு கொடுப்பது நெய்தான். 1996இன் 50,000 ரூபாய் குட்டி போடவில்லை. வந்த வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் எடுத்துவிட்டோம். வட்டி குட்டி போடும் என்று ஊரில் சொல்கிறோமே, அந்தக் குட்டிகளில் சிலவற்றை மந்தையிலேயே விட்டிருந்தால் இன்று அழைப்பிதழுக்குத் தட்டுப்பாடு வந்திருக்காது. 12 சதவீதம் வந்த ஆண்டுகளில் 6 சதவீதத்தை முதலோடு சேர்த்திருக்க வேண்டும். நாம் முதலைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு அதன் எண்ணைக் காப்பாற்றியிருக்கிறோம்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். உங்கள் மன்றத்தையே எடுத்துக்கொள்வோம். 300 உறுப்பினர்கள். இந்தக் கூடத்தின் மேல்தளத்தைப் பிரித்து, பழுது பார்த்து, நீர் இறங்காமல் தட்டோடு பதிக்க இன்று 20 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆண்டு கழித்து இதை மறுபடி செய்ய வேண்டும். கட்டட வேலையின் விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அன்றைக்கு ஆகும் செலவு 47.9 லட்சம். இந்த எண்ணைக் கேட்டதும் பொதுக்குழுவில் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகவிடாமல் உட்காரவைக்க இன்னொரு எண் இருக்கிறது. 7 சதவீத வட்டியில் ஆண்டுதோறும் 1,90,700 ரூபாய் போட்டு வந்தால் அந்தத் தொகை சேர்ந்துவிடும். ஆளுக்கு மாதம் 53 ரூபாய். ஐந்து ஆண்டு தூங்கிவிட்டுப் பிறகு தொடங்கினால் மாதம் 96 ரூபாய். கடைசி வரை தூங்கினால் ஒரே நாளில் ஆளுக்கு 16,000. மூன்றும் ஒரே கூரைதான்.

இதில் வருமான வரி வந்து நுழைகிறது. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுத் தங்களுக்குள்ளேயே செலவழிக்கும் பணத்தில் லாபம் என்று ஒன்று இல்லை, ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுவதற்கு வரி கிடையாது என்பது பரஸ்பரக் கோட்பாடு. 1997இல் பாங்கிபூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால் 2013இல் பெங்களூர் கிளப் வழக்கில், மன்றத்தின் உபரியை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு இந்தக் கோட்பாடு பொருந்தாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வங்கிகளே மன்றத்தின் உறுப்பினர்களாக இருந்தும் அப்படித்தான் ஆயிற்று. பணம் உறுப்பினர் வட்டத்தை விட்டு வெளியே போய், வங்கியின் வாணிபத்தில் சுற்றி, வட்டியோடு திரும்புகிறது என்பது காரணம். ஆகவே வட்டியில் 30 சதவீதம் வரியாகப் போனால் 7 என்பது 4.9 ஆகிவிடும், நம் 53 ரூபாய் 62 ரூபாய் ஆகும். பல மன்றங்களின் திட்டத்தில் இந்த 9 ரூபாய் விடுபட்டுப்போகிறது. அறநிறுவனமாகப் பதிவு பெற்ற சங்கங்களுக்கு விதி வேறு. ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், அல்லது நோக்கத்தைக் குறிப்பிட்டு 5 ஆண்டு வரை ஒதுக்கி வைக்க வேண்டும். முதலுக்கென்றே எழுதிக் கொடுக்கும் நன்கொடைக்குத் தனி இடம் உண்டு. உங்கள் சங்கம் எந்த வகை என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்ட பிறகே கணக்குப் போடுங்கள்.

ஆயுள் சந்தாவைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச விரும்புகிறேன். தமிழ்நாட்டுச் சங்கங்களை உள்ளிருந்து அரிப்பது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பணம் வேண்டும் என்றால் ‘ஆயுள் உறுப்பினர் சேர்ப்பு இயக்கம்’ நடத்துகிறோம். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய் இருக்கும் மன்றத்தில் 10,000 வாங்கிக்கொண்டு ஒருவரை ஆயுளுக்கும் சேர்த்துக்கொள்கிறோம். 10,000க்கு 7 சதவீதத்தில் வட்டி 700. ஆண்டுக்கு 500 ரூபாய் பள்ளம், அதுவும் அந்த 10,000ஐத் தொடாமல் வைத்திருந்தால். 1,200 ரூபாய் வட்டி வர 17,000க்கு மேல் முதல் வேண்டும், வட்டிக்கு வரியும் போனால் 24,000க்கு மேல் வேண்டும், சந்தா இனி ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும்கூட. நடைமுறையில் அந்த 10,000 அதே ஆண்டு சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விடுகிறது. 35 வயதில் சேர்ந்தவர் நாற்பது ஆண்டு வந்து நாளிதழ் படிப்பார், மின்விசிறி போட்டுக்கொள்வார். அது அவருடைய உரிமை. அதற்கான பணத்தை அவர் நம்மிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டார், தின்றது நாம். ஆயுள் சந்தா வாங்கினால் வயதுக்குத் தக்கபடி வாங்குங்கள், வாங்கியதைப் பூட்டி வையுங்கள். பூட்டி வைக்க மனம் வராது என்றால் வாங்கவே வேண்டாம்.

கணக்குப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. நிலம் யாருடையது? கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு 1940களில் பந்தய கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகை எழுதினார்கள். 2024 செப்டம்பரில் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. அதன் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. நகராட்சி இடத்திலும் கோயில் இடத்திலும் இருக்கும் சிறிய மன்றங்கள் நம்மிடையே ஏராளம். அங்கே முப்பது ஆண்டுக் கட்டடத் திட்டம் போடும் முன் குத்தகைப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படியுங்கள்.

அடுத்தது, இருபது ஆண்டு கழித்து இங்கே யார் வருவார்கள்? 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் மவுண்ட் ரோட்டை ஒட்டிப் பெரிய மாளிகையும் பரந்த வளாகமும் வைத்திருந்தது. வெள்ளையர் மட்டுமே அதில் உறுப்பினர். வெள்ளையர் ஊருக்குத் திரும்பிய காலத்தில் அந்த இடத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. 1940களின் பிற்பகுதியில் அது பத்திரிகை அதிபர் ராம்நாத் கோயங்காவின் கைக்குப் போய் எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆனது. இன்று அங்கே எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகம் நிற்கிறது. கிளப் பிரான்சன் பாக்கில் சிறிய இடத்துக்குப் போய், 1963இல் அடையாறு கிளப்போடு இணைந்து, ஆற்றங்கரையில் ஒரு பழைய மாளிகையில் குடியேறியது. கட்டடத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. உள்ளே வர ஆள் இல்லை.

எங்கள் மன்றத்தில் இந்தக் கேள்வி கழிப்பறையில் வந்து நின்றது. பெண்கள் ஏன் உறுப்பினராவதில்லை என்று பல ஆண்டு பேசினோம். ஒரு பள்ளி ஆசிரியை எழுந்து, “அண்ணா, இங்கே ரெண்டு மணி நேரம் உட்கார எங்களுக்கு ஒரு பாத்ரூம் இருக்கா?” என்று கேட்டார். அப்போது குளிர்சாதன வசதிக்கு 6 லட்சம் ஒதுக்கும் தீர்மானம் மேசையில் இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பெண்களுக்குக் கழிப்பறை கட்டினோம். இன்று 300 பேரில் 70 பேர் பெண்கள். அந்தச் செலவைப் போல எங்களுக்குப் பலன் தந்த முதலீடு வேறு இல்லை.

எதற்கெல்லாம் பணம் சேர்க்க வேண்டும் என்று தெரிய மன்றத்தின் பொருள்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும். அதைத் தயாரிப்பது கடினம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு கட்டடப் பொறியாளர், ஒரு எலக்ட்ரீஷியன், உங்கள் காவலர், மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். மழைத் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும், எந்த சுவிட்ச் சுடும், மோட்டார் எப்போதிலிருந்து சத்தம் மாறியது, எல்லாம் காவலருக்குத் தெரியும். எங்களுக்கு 43 வரி வந்தது. போர்வெல் மோட்டார், ஜெனரேட்டர், வயரிங், செப்டிக் டேங்க், இரும்புக் கேட், சுற்றுச்சுவர், புத்தக அலமாரி, 200 பிளாஸ்டிக் நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் வாங்கிய ஆண்டு, இன்னும் எத்தனை ஆண்டு ஓடும், இன்று மாற்றினால் என்ன விலை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதே மூவரோடு மறுபடி நடக்க வேண்டும். புதிதாக எதைக் கட்டுவதாக இருந்தாலும் அதை நடத்த ஆண்டுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி சேர்க்காமல் தீர்மானத்தைப் பொதுக்குழுவுக்குக் கொண்டுவரக் கூடாது.

கடன் வாங்கலாமா என்று கேட்பார்கள். அடுத்த இருபது ஆண்டு உறுப்பினர்கள் அனுபவிக்கப்போகும் புதுக் கட்டடத்துக்கு வாங்கலாம். அவர்களும் சேர்ந்து அடைப்பார்கள், அது நியாயம். நாம் தின்று தீர்த்த பழைய கூரைக்காக அவர்களைக் கடனாளி ஆக்குவது நியாயம் இல்லை. நன்கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டடம் கட்டிக் கொடுக்கும் புண்ணியவான்கள் அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை அதன் பராமரிப்பு முதலாகச் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பெற்றோரின் பெயர் பொறித்த சுவர் ஈரம் பாயாமல் நிற்கும். கட்டடத்துக்குப் பணம் சேரும் வரை காத்திருக்கவும் செய்யலாம். சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. அதன் அரங்கத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955இல், அரங்கம் திறந்தது 1962இல். 34 ஆண்டு சொந்தக் கூடம் இல்லாமலேயே கச்சேரிகள் நடந்தன. அவசரப்பட்டுக் கட்ட வேண்டிய தேவை எந்த மன்றத்துக்கும் இல்லை.

சேர்த்த பணத்தைக் காப்பது சேர்ப்பதைவிடக் கஷ்டம். தனிக் கணக்கு வேண்டும். அந்த நிதியின் பெயரையும் நோக்கத்தையும் துணைவிதியிலேயே எழுதுங்கள். பதிவேட்டில் உள்ள பொருளுக்கு மட்டும், பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதத்தோடு மட்டும் எடுக்கலாம் என்று வையுங்கள். ஆண்டு விழாவுக்குக் கைமாற்று, அடுத்த மாதம் திருப்பிவிடுகிறோம் என்ற பேச்சுக்கு அங்கே இடம் கூடாது. நான் பார்த்த எந்தக் கைமாற்றும் திரும்பி வரவில்லை. வைப்பை ஐந்தாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி போடுங்கள். ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்குக் காப்பீடு 5 லட்சம் வரைதான் என்பதையும், அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காக முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்கும் ஆசையையும் சேர்த்தே எடைபோடுங்கள். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு எண்களை அச்சிடுங்கள்: இன்றைய தேதியில் நிதியில் இருந்திருக்க வேண்டிய தொகை, இருக்கும் தொகை. எங்கள் முதல் அறிக்கையில் 9 லட்சம் என்றும் 70,000 என்றும் போட்டோம். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பொதுக்குழு, கையைத் தூக்கிச் சந்தாவை உயர்த்தியது. அதுவரை ஒவ்வோர் ஆண்டும் உயர்த்தக் கூடாது என்று பேசியவர்களே முன்மொழிந்தார்கள்.

எங்கள் கூரை வேலை 2017 மே மாதம் முடிந்தது. மாடிக் கதவின் உள்பக்கம் ஒரு தகரத் தகடு அடித்திருக்கிறோம். தளம் போட்ட மாதம், எத்தனை சதுர அடி, என்ன கலவை, கொத்தனார் பெயர், எல்லாம் அதில் பெயிண்டால் எழுதியிருக்கிறது. கடைசி இரண்டு வரி இப்படி இருக்கும்: ‘மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டிய ஆண்டு 2032. இதற்கான பணம் கூரை நிதியில் இருக்கிறது, கேட்டு வாங்கவும்.’ ஐப்பசி பிறக்கும் முன் காவலர் அந்தக் கதவைத் திறந்து, வடிகுழாய் வாயில் அடைத்திருக்கும் வேப்பஞ்சருகை அள்ளிப் போட்டுவிட்டு, நிதியில் இப்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று என்னிடம் கேட்பார். நான் பொறுப்பில் இல்லாவிட்டாலும் பொருளாளரிடம் கேட்டுச் சொல்வேன். 2032இல் எனக்கு 81 வயது. அன்றைக்குச் சாவி வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறிப் போய் அந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன்.